ஆடிட்டர் மாப்பிள்ளை

ரோமாபுரி எப்படி எழுந்தது என்பதை வெற்றிவேல் அழகாகச் சொல்வான். எப்படி விழுந்தது என்பது அவனுக்குத் தெரியாது. வீழ்ச்சி ஐந்தாவது வாரத்துப் பாடத்தில் வருகிறது. வெற்றிவேல் எந்தப் பாடத்திலும் முதல் வாரத்தைத் தாண்டியதில்லை.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அவனைப் புரிந்துகொள்ளாதவர்கள். சோழிங்கநல்லூரில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, சேலையூர் வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்களை அவன் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தான். பிரபஞ்சத்தின் வரலாறு, மூளையும் மனமும், நகரங்களின் பிறப்பு என்று எதையும் விடவில்லை. ஒவ்வொரு துறையிலிருந்தும் அதன் பெரிய கருத்தை எடுத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் வெறும் விவரம் என்பது அவன் கொள்கை. பெரிய கருத்து எப்போதும் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது வாரத்தில் பயிற்சிக் கணக்குகள் தொடங்குகின்றன. அந்த வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான்.

"நான் பெரும்படம் பாக்கறேன் மச்சான்," என்று கேம்ப் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் அசாரிடம் ஒருமுறை சொன்னான்.

"எந்த தியேட்டர்ல?" என்றான் அசார், ஒரு போனின் முதுகைத் திறந்தபடி.

"பிக் பிக்சர்டா. எல்லாத்தையும் மேல இருந்து ஒண்ணா பாக்கறது."

"மேல இருந்து பாத்தா என் கடையோட தகர ஷீட்டுதான் தெரியும். கீழ வந்து இந்த டார்ச்ச புடி."

அந்தப் பாடங்களுக்குக் காசு கட்டினால் பரீட்சை எழுதலாம், சான்றிதழ் வாங்கலாம். கட்ட விருப்பமில்லாதவர்களுக்காகப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வழி வைத்திருப்பார்கள். அதற்கு 'ஆடிட்' என்று பெயர். உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். பரீட்சையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. வெற்றிவேலின் கல்வி முழுவதும் அந்தப் பொடி எழுத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

கல்யாணத் தரகர் வந்த அன்று அவன் காதில் ஹெட்போனுடன் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தான்.

"பையன் இன்னா பண்ணிகினு கீறாரு?" என்று தரகர் கேட்டார். வெற்றிவேலின் அம்மா தையல்நாயகிக்கு அந்தக் கேள்வியை நேரில் சந்திக்கத் தைரியம் இல்லை. அப்படியே மகன் பக்கம் திருப்பிவிட்டாள்.

"ஏன்டா, இப்போ என்ன பண்ற?"

"ஆடிட் பண்றேம்மா," என்றான் வெற்றிவேல், பிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு. "ஃபாரின் யூனிவர்சிட்டி." சொல்லிவிட்டு மறுபடி மாடிக்குப் போய்விட்டான். மேலே பிரபஞ்சம் குளிர்ந்துகொண்டிருந்தது.

தரகரின் பேனா நின்றது. "ஃபாரின் யூனிவர்சிட்டிக்கே ஆடிட்டா? வூட்ல குந்திகினேவா?"

"ஆன்லைன்ல," என்றாள் தையல்நாயகி. அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் வேலையை விட்ட நாளிலிருந்து முதல்முறையாக, மகன் செய்யும் காரியத்துக்கு வெளியே சொல்லக்கூடிய ஒரு பெயர் கிடைத்திருந்தது. அதை அவள் நழுவவிடத் தயாராக இல்லை.

எங்கள் பக்கத்தில் டாக்டருக்கு அடுத்த மரியாதை ஆடிட்டருக்கு. டாக்டரிடம் உடம்பைக் காட்டுகிறோம், ஆடிட்டரிடம் மற்றதையெல்லாம் காட்டிவிடுகிறோம். எனவே தரகர் நேராகக் கீழ்க்கட்டளை முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனார். முனிரத்தினத்தின் அப்பா காலத்தில் கத்தரியும் வெண்டையும் விளைந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. நிலம் கொடுத்த வகையில் அதில் சில வீடுகள் முனிரத்தினத்துக்கு. குடியிருப்போர் சங்கத்துக்கும் அவரே தலைவர். ஒரே மகள் தேவதர்ஷினி பெருங்குடியில் ஒரு கம்பெனியில், வேலை கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்து ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள்.

பெண் பார்க்கும் சடங்கு சுமுகமாக முடிந்தது. முனிரத்தினம் மட்டுமே பேசினார். அதன் பிறகு இருவரும் போனில் பேசத் தொடங்கினார்கள், அல்லது வெற்றிவேல் பேசத் தொடங்கினான். முதல் நகரத்தின் முதல் சுவரை யாரோ எழுப்பிய மாலையைப் பற்றி, அருகில் நின்று பார்த்தவன்போலச் சொன்னான். நாள் முழுக்க 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்' என்றே படித்துக் களைத்தவளுக்கு, பல்லாவரம் ரேடியல் ரோட்டு நெரிசலில் கேப் நின்றுகொண்டிருக்கும்போது, காதுக்குள் அந்தச் சுவர் எழுவது பிடித்திருந்தது. அவனுக்கோ, தன் முதல் வாரங்களையெல்லாம் ஒருத்தி வரிசையாகக் கேட்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. அவன் வாழ்க்கையில் எதையாவது இரண்டாவது வாரத்துக்கும் தொடர்ந்தான் என்றால் அது தேவதர்ஷினியைத்தான்.

மேடவாக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் சந்தித்தபோது அவள் கேட்டாள்: "உங்களுக்கு க்ளையண்ட் எத்தனை பேர்னு அப்பா கேக்கறாரு."

"என்ன க்ளையண்ட்?"

"ஆடிட்டுக்கு."

வெற்றிவேல் பொடி எழுத்தைப் பற்றி விளக்கினான். சாத்துக்குடி ஜூஸ் மூக்கில் ஏறும்வரை அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வேலை இல்லைங்கறது எனக்குப் பிரச்சினை இல்ல. தேடிக்கலாம். ஆனா அப்பா எல்லார்கிட்டயும் ஆடிட்டர் மாப்பிள்ளைன்னு சொல்லிட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை பூ வெக்க வர்றீங்க. அதுக்குள்ள நீங்களே அவர்கிட்ட சொல்லிடணும். ஒரே ஒரு வாக்கியம்."

"நீங்க சொல்லிட்டா என்ன?"

"நான் சொன்னா அது என்னோட வாக்கியம்."

"கோவப்படுவாரா?"

"படுவாரு. கத்துவாரு. அப்புறம் தண்ணி குடிப்பாரு. அதை நான் பாத்துக்கறேன். ஆனா அவரா கண்டுபுடிச்சா நான் பாத்துக்க மாட்டேன். அப்புறம் பூவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் அதைச் சரியாகவே கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொள்வதில் அவனுக்குப் பயிற்சி உண்டு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்து, 'கடினமான உரையாடல்கள்' என்ற பாடத்தில் சேர்ந்தான். ஆடிட்.

முதல் வாரப் பாடம், உரையாடல்கள் ஏன் கடினமாக இருக்கின்றன என்பது. அற்புதமான பாடம். காட்டில் கூட்டமாக வாழ்ந்த காலத்தில் கூட்டத்தை விட்டு விலக்கப்படுவது மரணத்துக்குச் சமம் என்பதையும், அந்தப் பயம் இன்னும் மூளைக்குள் குந்தியிருக்கிறது என்பதையும் அவன் தெரிந்துகொண்டான். தான் ஏன் முனிரத்தினத்திடம் சொல்லத் தயங்குகிறோம் என்பது அவனுக்கு இப்போது மனித குலத்தின் பின்னணியோடு விளங்கிவிட்டது. விளங்கியதும் பாதி சொல்லிவிட்டதுபோல் ஒரு நிம்மதியும் வந்தது.

மீதிப் பாதிக்காக முனிரத்தினத்துக்குப் போன் செய்தான்.

"சொல்லுங்க மாப்ள."

"சார், ஒரு விஷயம்..."

"இன்னா சாரு மோருன்னுகினு. மாமான்னு கூப்டுங்க."

"மாமா, மனுஷன் உண்மைய பேச ஏன் தயங்கறான்னா..."

"அத்த சொல்லுங்க. நம்ம ட்ரெஷரர் எலியேசர் கீறாரே, அவருக்கு வாய்ல உண்மையே வராது. ஜெனரேட்டர் டீசல் கணக்க காட்டுய்யான்னா, ஆடிட்டர கூட்டிகினு வா, காட்றேன்றாரு. நம்ம மாப்ளயே ஆடிட்டர்தான்யான்னு சொல்லிட்டேன். மூஞ்சி செத்துபோச்சி. ஞாயித்துக்கெழம மீட்டிங்கு, வந்துடுங்க."

போன் வைக்கப்பட்டது. நேரில் சொல்வதே முறை என்று வெற்றிவேல் முடிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டிங் தொடங்குவதற்கு முன்பே கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டான். சொல்லும் எண்ணத்தோடுதான் போனான். கேட்டிலேயே முனிரத்தினம் ஒரு சால்வையைப் பிரித்துத் தோளில் போட்டார். சால்வை தோளில் இருக்கும்போது அந்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கார்கள் நிறுத்தும் தரைத்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்த தேவதர்ஷினி தூரத்திலிருந்தே புருவத்தை உயர்த்தினாள். சொல்லியாயிற்றா? அவன் ஒரு விரலைக் காட்டினான். ஒரு நிமிஷம்.

"இவருதான் நம்ம மாப்ள," என்றார் முனிரத்தினம் கூட்டத்தைப் பார்த்து. "ஆடிட்டரு. ஃபாரின் யூனிவர்சிட்டிக்கெல்லாம் கணக்கு பாக்கறவரு. எலியேசர், குடுங்க உங்க ஃபைல."

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற எலியேசர், ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். வெற்றிவேல் திறந்தான். உள்ளே முழுக்க எண்கள். இரண்டாவது வாரம். மூடிவிட்டான்.

"கணக்கைப் பாக்கறதுக்கு முன்னாடி," என்றான், "கணக்குன்னா என்னன்னு பாக்கணும்."

ஆற்றங்கரைகளில் களிமண் வில்லைகளில் ஆடுகளுக்குக் கோடு போட்ட மனிதர்களிலிருந்து தொடங்கினான். எழுத்து பிறந்ததே கணக்குக்காகத்தான் என்றான். கணக்கின் அடியில் இருப்பது எண் அல்ல, நம்பிக்கை என்றான். பொதுச் சொத்து என்ற கருத்தை மேய்ச்சல் நிலத்தில் தொடங்கி ஜெனரேட்டர் வரை கொண்டுவந்தான். இரண்டாவது மாடிக்காரர் கழிவுநீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்டார். அதுவும் இதே கேள்வியின் இன்னொரு வடிவம்தான் என்று வெற்றிவேல் சொன்னதும் அவர் யோசனையோடு உட்கார்ந்துவிட்டார். கைதட்டினார்கள். எலியேசர்தான் முதலில் தட்டினார். டீசல் என்ற வார்த்தையை அதுவரை யாரும் சொல்லவில்லை.

"ரொம்ப நல்லா பேசினீங்க சார்," என்றார் எலியேசர். "இதுல ஒரு கையெழுத்து போட்டு உங்க மெம்பர்ஷிப் நம்பர் எழுதிடுங்க. சீல் அப்புறமாக்கூட வெச்சிக்கலாம்."

"என்ன நம்பர்?"

"ஆடிட்டர் நம்பர் சார்."

டீ தட்டு அந்தரத்தில் நின்றது. தேவதர்ஷினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆடிட்டர் இல்லை மாமா. ஒரே வாக்கியம், அதுவும் சின்னது. இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

"ஆடிட்டர்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா?" என்றான் வெற்றிவேல். "லத்தீன்ல. கேட்பவன்னு அர்த்தம். அந்த அர்த்தத்துல பாத்தா நான்..."

"இரு மாப்ள," என்றார் முனிரத்தினம். மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது. "கேட்டுட்டு?"

"கேட்டுக்குவேன் மாமா."

"கேட்டுட்டு இன்னா பண்ணுவ?"

"அவ்வளவுதான். பரீட்சை எழுத மாட்டேன். எழுதினா காசு கட்டணும்."

எலியேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் சர்வீஸ் முழுக்க ட்ரெயின்ல பாத்திருக்கேன் சார். டிக்கெட் எடுக்காம ஏறுவாங்க, ஜன்னல் சீட்ல உக்காந்து வேடிக்கை பாப்பாங்க, கேட்டா நல்லா பேசுவாங்க. அவங்களுக்கு லத்தீன்ல இவ்ளோ கௌரவமான பேரு இருக்குன்னு தெரியாம எல்லாருக்கும் ஃபைன் போட்டுட்டேன்."

நாற்காலிகள் குலுங்கின. அந்தச் சிரிப்பிலேயே டீசல் கணக்கு ஏகமனதாக நிறைவேறியது.

முனிரத்தினம் கத்தவில்லை. கத்தல் இல்லாமல் நேராகத் தண்ணீருக்குப் போனார். ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டு, மருமகனின் தோளிலிருந்த சால்வையை எடுத்து, நிதானமாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மோட்டார் ரூம் பக்கம் ஒதுங்கி நின்ற வெற்றிவேலிடம் தேவதர்ஷினி வந்தாள்.

"ஒரே வாக்கியம்னு சொன்னேன்."

"சொல்லிட்டேனே."

"மாட்டினப்புறம் விளக்கம் குடுத்தீங்க. அதுவும் லத்தீன்ல."

"உண்மைய சொல்றது ஏன் கஷ்டம்னா, மூளையில பழைய ஒரு பகுதி..."

"முதல் வாரமா?"

அவன் தலையாட்டினான்.

"ரெண்டாவது வாரம் என்ன பாடம்?"

வெற்றிவேல் மோட்டாரைப் பார்த்துச் சொன்னான். "எப்படி ஆரம்பிக்கறதுன்னு."

அவள் அவன் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக்கொண்டாள். அதில் இன்னும் பாதி இருந்தது.

வெள்ளிக்கிழமை பூ வைக்க யாரும் போகவில்லை. தையல்நாயகி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து அக்கம்பக்கத்தில், "ஆடிட்டெல்லாம் விட்டுட்டான், இப்போ ரிசர்ச் பண்றான்," என்று சொல்லத் தொடங்கினாள். ரிசர்ச் என்பதில் நம்பர் கேட்கமாட்டார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

தை பிறந்ததும் தேவதர்ஷினியின் கல்யாண அழைப்பிதழ் வாட்ஸாப்பில் வந்தது. அப்போது வெற்றிவேல் அசாரின் கடையில் உட்கார்ந்து, 'இழப்பின் உளவியல்' என்ற பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். மனம் ஏன் வலிக்கிறது என்ற இடம். மீள்வது எப்படி என்பது பிறகு வரும்.

போனை வாங்கிப் படித்த அசார், மாப்பிள்ளையின் பெயரைத் தாண்டி, மண்டபத்தின் முகவரியைத் தாண்டி, தேவதர்ஷினி தன் கையால் அடியில் தட்டியிருந்த வரிக்கு வந்தான். சத்தமாகவே படித்தான்.

"'கண்டிப்பா வாங்க. ஆடிட் மட்டும்.'"

அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க, கழற்றி வைத்திருந்த ஒரு போனை எடுத்து அதன் உள்ளே வெகுநேரம் ஊதினான்.

"போறியா மச்சான்?"

கேம்ப் ரோட்டில் ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வெற்றிவேல் ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"முதல் பந்திக்கு மட்டும்," என்றான்.