தேடினால் வராத பெயர்கள்

ராஜகுரு அண்ணாச்சி என் டிடிபி சென்டருக்குள் வரும்போதே சத்தமாகத்தான் வந்தார். எங்கள் உறவின்முறைச் சங்கத்தின் செயலாளர். அருப்புக்கோட்டையில் நூல் கடை.

“தம்பி, நம்ம குடும்ப டைரக்டரிய நெட்டுல ஏத்துனீகள்ல, தேடுனா பாதிப் பேரு வரமாட்டேங்குது. மல்லாங்கிணறு ரத்தினம் காலைலயே போன் போட்டு, ‘ஏலே, என்னைய அதுக்குள்ள சாகடிச்சிட்டீகளா’ங்கிறாரு.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் ஃபைலைத் திறந்தேன்.

ரத்தினம் பெயர் திரையில் இருந்தது. தேடினால் இல்லை என்றது. எழுத்தை எண்ணாகக் காட்டும் புரோகிராமில் போட்டுப் பார்த்தேன். புள்ளி வைத்த எழுத்துக்குப் பின்னால் ஒரு யூனிகோடு குறி ஒளிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அகலம் கிடையாது. இரண்டு எழுத்துகளை ஒட்டவிடாமல் வைப்பதுதான் அதன் வேலை. அது இருந்ததெல்லாம் சுகப்பிரியா அடித்த பெயர்கள். என் மனைவி. மல்லாங்கிணறு அவள் ஊர். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் அடிப்பாள். அவள் கீபோர்டு அதைச் சேர்த்திருக்கிறது. மாசியில் காய்ச்சலில் இறந்தாள். போனை அவள் அண்ணன் கொண்டுபோய்விட்டார்.

ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் நீக்கிவிடலாம் என்றேன்.

“கண்ணுக்கே தெரியாததுக்கா இம்புட்டு ரகள? எடுத்துவிடுங்க.” கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். “அதோட, அச்சுக்குப் போறதுக்குள்ள உங்க தலைக்கட்ட அப்பா பேரோட சேத்துருங்க தம்பி. வழக்கம் அப்பிடி. பெறகு ஒரு நல்லது நடந்தா தனியாப் போட்டுக்கிடலாம்.”

கல்யாணம் ஆனவன் தனித் தலைக்கட்டு, தனிக் குடும்பக் கணக்கு. மனைவி போய், பிள்ளையும் இல்லையென்றால் மறுபடி அப்பா வீட்டோடு.

“வேணும்னா வேற ஆள வச்சு...”

“நானே பண்றேன் அண்ணாச்சி.”

எனக்கு டீ சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பதிவை அழிக்க அவள் பெயரைத் தேடினேன். இல்லை என்றது. என் பெயரைத் தேடினேன். ஹரி. உடனே வந்தது. அதற்குக் கீழேயே அவள் இருந்தாள்.

அந்த வரியை விட்டுவிட்டு மற்றதற்குக் கட்டளையைக் கொடுத்தேன். ரத்தினம் வந்துவிட்டார். ஒச்சம்மாள், காளீஸ்வரி, எல்லாரும் வந்துவிட்டார்கள்.

டீயில் ஆடை படிந்திருந்தது. பக்கத்துத் தறிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் போல, சத்தமில்லை. அச்சகத்திலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை.

சுகப் என்பதற்குப் பின்னால் கர்சரை வைத்து வலப்பக்க அம்பை அழுத்தினேன். நகரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியைத்தான் தாண்டியிருக்கிறது. இன்னொரு தடவை அழுத்தினேன். அடுத்த எழுத்தைத் தாண்டியது. பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். அழுத்தினேன்.

நகரவில்லை.