எரிபொருளுக்கு எட்டாத தூரம்

அக்கா ஊர் விமான நிலையத்துக்கும் கடல் தாண்டித் தங்கை இருந்த ஊர் விமான நிலையத்துக்கும் இடையிலிருந்த தூரம், இருவரும் பேச்சை நிறுத்திய வாரத்திலிருந்து வளரத் தொடங்கியது. அதுவரை பதினான்கு மணி நேரப் பயணம். முதல் வருடம் அரை மணி கூடியது, எதிர்க்காற்று என்றார்கள். அடுத்த வருடம் இன்னும் ஒரு மணி. விமானி புதியவர் என்றார்கள். பிறகு இரண்டு வேளைச் சாப்பாடு மூன்று வேளையானது. கீழே கடல் நீண்டுகொண்டே போக, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எந்த வரைபடத்திலும் இல்லாத தீவுகளைப் பார்த்தார்கள். ஒரு தீவில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்ததாம். போகப் போக அதுவும் பழகிவிட்டது.

அக்காவுக்கு மட்டும் அது காற்றின் வேலை இல்லை என்று தெரியும். ஒவ்வொரு விமானத்துக்கும் வழி, நேரம், எரிபொருள் எல்லாம் கணக்கிட்டுக் கொடுக்கும் அறையில் மூலை மேஜை அவளுடையது. அப்பா இறந்த இரவும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவள் போலத்தான் யோசித்தாள். மறுநாள் காலை அடக்கம். தங்கை கிளம்பினாலும் வந்து சேர முடியாது. பாவம், அத்தனை நேரம் ஆகாயத்தில் தனியாக அழுவானேன் என்று, எல்லாம் முடிந்த பிறகே போன் செய்தாள். தங்கை அப்பாவின் செல்லம். ஆனாலும் கத்தவில்லை. "வந்து சேர முடியாதுன்னு கணக்குப் போட்டியே அக்கா, கிளம்பவாவது விட்டிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அத்தோடு சரி.

அக்காவும் ரோஷக்காரி. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று ஆறு வருடம் முறுக்கிக்கொண்டு இருந்தாள். ஒருநாள் கணக்குப் போடும்போது, தொட்டி நிரம்ப எரிபொருள் ஊற்றினாலும் அடுத்த வாரம் விமானம் அந்தக் கரையை எட்டாது என்று தெரிந்தது. சுற்றிப் போகும் வழிகளும் அதே மாதிரி நீண்டுவிட்டிருந்தன. இந்த விமான வழித்தடத்தையே நிறுத்தப்போகிறோம் என்று மேலாளர் வந்து, தக்காளி விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். இருப்பது ஒரே உடன்பிறப்பு. இனி அவள் முகத்தைப் பார்க்கவே முடியாது.

கடைசி விமானத்தில் சீட்டு வாங்கினாள். ஏறுமுன் தங்கையை அழைத்தாள். சேரும் நேரத்தைச் சொல்லாமல் ஒரு பயணத்தைப் பற்றிப் பேசியறியாதவள், "கிளம்பிட்டேன்டி. எப்ப வந்து சேருவேன்னு தெரியலை. அன்னிக்கு உன்னையும் இப்படிக் கிளம்ப விட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்," என்றாள்.

"வா," என்றாள் தங்கை.

விமானம் ஒரு மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. உணவு வண்டியை உருட்டுவதற்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன. சாப்பாடு போயிற்றே என்று பயணிகள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். தங்கை வீட்டிலிருந்து நிலையத்துக்கு வரத்தான் நேரமாயிற்று. அக்கா பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தாள். தங்கை ஈரத் தலையோடு, ஜோடி மாறிய செருப்புகளை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். இருவரும் வாசலை மறித்துக்கொண்டு, ஆறு வருடம் தாமதமாக, அப்பாவுக்காகச் சேர்ந்து அழுதார்கள். பெட்டி தள்ளியவர்கள் சுற்றிப் போனார்கள்.

வழித்தடத்தை நிறுத்தவில்லை. இப்போது அக்கா வேலை முடிந்து தங்கை வீட்டுக்குப் போய், காபி குடித்துவிட்டு, தூங்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுகிறாள். சில நாள் விமானம் தரை காணாமல் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். அக்கா தங்கைக்குள் ஏதோ வாக்குவாதம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, கதை தெரிந்த பயணிகள் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.