பின்னால் நின்றவன்

"வாங்க... வாங்க... இன்னும் வாங்க."

என் வலது கை காற்றை வாரி வாரி என் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஆறு சக்கர வெள்ளை லாரியின் பின்புறம், பீப் பீப் என்று கத்திக்கொண்டே என்னை நோக்கி வந்தது. ஓட்டுவது என் சகலை. என் மனைவியின் அக்கா புருஷன். ஜன்னலுக்கு வெளியே இருந்த கண்ணாடியில் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

சரக்கு ஏற்றும் மேடையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தூண். ரப்பர் சுற்றிய இரும்புத் தூண். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. பின்னால் நிற்பவனுக்குத்தான் தெரியும்.

நாலடி. மூணடி.

இரண்டு மணிக்கட்டையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக் காட்டினால் 'நிறுத்து' என்று அர்த்தம். காட்ட வேண்டிய நேரம் அதுதான். கை வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நான் காட்டவில்லை.

ஒன்றரை அடி.

"இன்னும் வாங்க."

சடக்.

பின் விளக்கு நொறுங்கி என் செருப்பருகே சிவப்புச் சில்லுகளாகச் சிதறியது. எனக்குப் பின்னால், மூன்றடி தள்ளி, கிடங்கில் லாரிகளைக் கவனிக்கும் யார்டு மேடம் வாயில் விசிலோடு நின்றிருந்தார். ஊதவில்லை. அட்டையில் கிளிப் போட்ட காகிதத்தில் ஏதோ எழுதினார்.

எனக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது.

நானும் சகலையும் ஒரே டிரைவிங் ஸ்கூலில், ஒரே மாதத்தில், கனரக வண்டி லைசென்சுக்குச் சேர்ந்தவர்கள். அவர் முதல் தடவையே பாஸ். நான் மூன்றாவது தடவை. இரண்டு தடவையும் ரிவர்ஸ்தான் என்னைக் கவிழ்த்தது. முதல் தடவை, தடம் காட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை இடித்தேன். இரண்டாவது தடவை கூம்பை ஜாக்கிரதையாக விட்டுவிட்டு, அதிகாரியின் நாற்காலியைச் சாய்த்தேன். அந்த நேரம் பார்த்து அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். அவருக்கும் நல்ல நேரம், எனக்கும் நல்ல நேரம்.

"அத்தான் ஒரே தடவைல பாஸாமே" என்று என் மனைவி அன்று சொன்னது சாதாரணமாகத்தான். ஆனால் அந்த 'மே' இருக்கிறதே, அது மூன்று மாதமாக என் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஊருக்குள்ளேயே இரண்டு வேலை காலி என்று தெரிந்தது. இரண்டிலும் ஒரே ஓர் ஆள்தான் வேண்டும்.

ஒன்று, கான்கிரீட் கலவை லாரி. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சுழலும் உருளையில் கலவையை வாங்கிக்கொண்டு கட்டடம் கட்டும் இடத்துக்குப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். எல்லாம் திறந்த மைதானம், பெரிய ரிவர்ஸ் கிடையாது. சட்டை மட்டும் பாழாகும். அங்கே இருந்த ஃபோர்மேன், "யார் முதல்ல சரின்னு சொல்றாங்களோ அவங்களுக்கு" என்றார். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

இன்னொன்று இந்த வெள்ளை லாரி. கிடங்கிலிருந்து மளிகைக் கடைகளுக்குச் சரக்கு. ஒரு நாளைக்கு இருபது கடை. இருபது சந்து. அதாவது, இருபது ரிவர்ஸ்.

புத்தியுள்ளவன் எதை எடுப்பான்? நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்காராமல் இருந்திருந்தால்.

சகலை ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார். "வெள்ளை லாரி நல்ல வேலைதான். ஏசி கேபின். நாலு மணிக்கெல்லாம் வீடு."

அவ்வளவுதான். கலவை லாரி என் கண்ணுக்குச் சேற்றில் புரண்ட எருமையாகிவிட்டது.

"நானும் அதுக்குத்தான் போறேன்" என்றேன்.

உரித்த கை நின்றது. "உனக்கு அந்தச் சிமென்ட் லாரிதானே பக்கம், சகலை?"

"ஏன், எனக்கு ஏசி ஒத்துக்காதா?"

"ஜலதோஷம் பிடிக்கும்" என்று சிரித்து, ஆரஞ்சில் பாதியை என்னிடம் நீட்டினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆரஞ்சு நல்ல இனிப்பு. அதுவும் பிடிக்கவில்லை.

இன்று காலை பத்தரைக்கு அவரே பைக்கில் என் வாசலில் வந்து நின்றார். "அங்க நானும் பேர் குடுத்திருக்கேன். சேர்ந்தே போயிடுவோம், ஏறு." எப்போதும் முகம் பார்க்கிற மாதிரி மின்னும் அவருடைய ஷூவில் இன்று சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தெறித்திருந்தது. இன்டர்வியூவுக்கு இந்த லட்சணத்தில் போகிறாரே என்று ரகசியமாகச் சந்தோஷப்பட்டேன்.

கிடங்கில் பேர் கொடுத்திருந்தது நாங்கள் இரண்டே பேர். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் நின்று கை காட்ட வேண்டும் என்றார் யார்டு மேடம். முதலில் ஓட்டியது சகலை.

இப்போது லாரியிலிருந்து இறங்கி வந்தவர், உடைந்த விளக்கைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"என் தப்பு மேடம். இறங்கி ஒரு தடவை பார்த்திருக்கணும்."

இதையும் தனக்கே எடுத்துக்கொண்டார். தப்பு ஒத்துக்கொள்வதில்கூட இந்த மனுஷனுக்குப் போட்டியாக நிற்க முடியாது.

அடுத்து என் முறை.

கேபினில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. பின்னால் நிற்கப்போவது அவர். தூண் எனக்கும் தெரியாது. பழிக்குப் பழி வாங்க இதைவிட நல்ல இடம் அமையுமா? ஏசி ஓடியும் முதுகில் வேர்த்தது.

கண்ணாடியில் அவர் கை தெரிந்தது. அவசரமில்லாத கை. வா. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடி. நேராக்கு. வா. ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். முன்னால் போகச் சொல்லி, மறுபடி வரச் சொன்னார். கடைசியில் இரண்டு மணிக்கட்டும் தலைக்கு மேல் குறுக்கே ஏறின.

இறங்கிப் பார்த்தேன். லாரிக்கும் மேடைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. தூண் எட்டாத தூரத்தில் இருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே ஒழுங்கான ரிவர்ஸ்.

"அருமை, சகலை" என்று அவர் லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். நான் லாரியைத்தான் பாராட்டுகிறார் என்று வைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் அறையில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. வெள்ளை லாரியின் சாவி எது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். சாயங்காலம் மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். 'உங்க அத்தான் லைட்டை உடைச்சுட்டாரு, தெரியுமா?' பக்கத்தில் சகலை ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருந்தார். வேலை போன மனுஷன் முனகுவானா? அந்த நிம்மதியும் எனக்கு எரிந்தது.

யார்டு மேடம் வந்து உட்கார்ந்தார். விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்க லாரியில எப்பவும் ரெண்டு டிரைவர், ஒருத்தர் ஏற்கெனவே இருக்காரு. ஒருத்தர் ஓட்டினா, இன்னொருத்தர் இறங்கிப் பின்னாடி நிப்பாரு. ஓட்டுறதை நாங்க ஒரு வாரத்துல பழக்கிடுவோம். அதனால ஓட்டினவரை நான் பார்க்கவே இல்ல. பின்னாடி நின்னவரைத்தான் பார்த்தேன்."

என் கண் சுவரில் தொங்கிய சாவியை விட்டு இறங்கியது.

"தூண் உங்களுக்குத் தெரிஞ்சுது. மூணடிலயும் தெரிஞ்சுது, ஒன்றரை அடிலயும் தெரிஞ்சுது. நீங்க எப்ப நிறுத்தப்போறீங்கன்னுதான் விசிலை ஊதாம வச்சிருந்தேன். அந்தத் தூண் இடத்துல எங்க லோடுமேன் ஒருத்தர் நின்னிருந்தா?"

அவர் சகலை பக்கம் திரும்பினார். "நீங்க நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க."

மறுபடியும் அவர். ஒரே தடவையில் பாஸ். போகட்டும், கலவை லாரி இருக்கிறது, வெளியே போனதும் ஃபோர்மேனுக்குப் போன் போட வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

"மன்னிக்கணும் மேடம். என்னால வர முடியாது" என்றார் சகலை. "காலைல எட்டு மணிக்கே கலவை லாரிக்குச் சரின்னு சொல்லிச் சேர்ந்துட்டேன். ஒரு லோடு இறக்கிட்டுத்தான் இங்க வர்றேன்."

நான் அவருடைய ஷூவைப் பார்த்தேன். சாம்பல் புள்ளிகள் காய்ந்து வெளுத்திருந்தன.

மேடம் பேனாவை மூடினார். "அப்புறம் இங்க எதுக்குப் பேர் குடுத்தீங்க?"

சகலை என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த வேலைன்னா இவருக்கு உயிரு மேடம். ஆனா ரிவர்ஸ்னா கை நடுங்கும். நம்பிக்கையான ஆள் ஒருத்தர் பின்னாடி நின்னா எடுத்துடுவாரு, நீங்க நில்லுங்க அத்தான்னு இவர் வீட்டுல கேட்டாங்க. பேர் குடுத்தாத்தான் கேட்டுக்குள்ள விடுவோம்னு சொன்னீங்க. அதான் குடுத்தேன்."