சிம்ரன் மீது ஓர் ஆட்சேபணை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் ஊறி வந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. மதுரையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கூப்பிட்டு, "தேர்தல் சிறப்பிதழ் சார். வடக்கத்தி ஆட்கள் பிரச்சினை சூடா இருக்கு. உங்க கம்பம் பக்கம் வச்சு ஒரு கதை குடுங்க. கட்சி பேரு மட்டும் வேண்டாம்" என்றார். நான் தொழிலால் காப்பீட்டு முகவர், பழக்கத்தால் கதை எழுதுகிறவன். இரண்டையுமே யாரும் தானாக வந்து கேட்பதில்லை. கேட்டாரே என்ற சந்தோஷத்தில் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: "மேகங்கள் தவழும் மலையடிவாரத்தில், முல்லையாறு பாயும் பச்சைப் பசேலென்ற..." வேண்டாம். இது சுற்றுலாத் துறைப் பலகை.

தொடக்கம் இரண்டு: "ரயிலைவிட்டு இறங்கிய அவள் கண்களில் ஆயிரம் கனவுகள்..." கம்பத்துக்கு ரயில் கிடையாது. கனவுகளை யார் எண்ணினார்கள் என்றும் தெரியவில்லை.

தொடக்கம் மூன்று: டீக்கடை. இதை வைத்துக்கொள்கிறேன். டீக்கடை இல்லாத அரசியல் கதையைப் பத்திரிகை ஆசிரியர்கள் நம்புவதில்லை.

2

ஊருக்குள் பாதை பிரிகிற சுருளிப்பட்டி விலக்கில் இருக்கும் டீக்கடையில் இரண்டு பெஞ்சுகள் உண்டு. மேற்குப் பெஞ்சில் ஒரு கட்சியும் கிழக்குப் பெஞ்சில் இன்னொரு கட்சியும் உட்காரும். பெயர் சொல்லக்கூடாது என்பதால் மேற்குக் கட்சி, கிழக்குக் கட்சி என்றே எழுதுகிறேன்.*

(* எந்தக் கட்சி என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். போன தேர்தலில் பெஞ்சு மாறித்தான் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் கூடவே மாறி உட்கார்ந்தது.)

வரைவு வாக்காளர் பட்டியல் வெளியான வாரம் அது. ஊர்ப் பட்டியலில் வடமாநிலத் தொழிலாளர்களின் பெயர்கள் நாற்பதுபோல ஏறியிருந்தன. மேற்குக் கட்சியின் பூத் ஏஜெண்டு முத்துப்பாண்டி கிளாஸைக் கீழே வைக்காமலே பேசினார்.

"இன்னைக்கு நாப்பது. அடுத்த எலெக்‌ஷனுக்கு நானூறு. அப்புறம் பஞ்சாயத்துத் தலைவரா எவன் உக்காருவான்? நாம நம்ம ஊர்லயே வாடகைக்குத்தேன் இருக்கணும்."

கிழக்குக் கட்சியின் ஆண்டனி ராஜ் விடவில்லை. "ஏப்பா, திராட்சை வெட்ட அவுக வேணும். பெட்டி போட அவுக வேணும். ஓட்டுன்னா மட்டும் கசக்குதாக்கும்?"

"நீ என்ன புண்ணியத்துக்கா சேத்துவிட்ட? நாப்பதும் ஒம் பக்கம் விழும்னு ஒரு கணக்கு."

"விழுந்தா ஒனக்கு ஏன்யா வயிறு எரியுது?"

பிறகு இருவரும் அவரவர் போனிலிருந்து புள்ளிவிவரம் படித்தார்கள். முத்துப்பாண்டியின் கணக்குப்படி மாவட்டத்தில் உள்ளூர்க்காரன் ஒருவனும் மிஞ்சமாட்டான். ஆண்டனி ராஜ் கணக்குப்படி வெளியூர்க்காரன் என்றே ஒருவனும் இல்லை. அந்த நாற்பது பேரில் ஒருவர்கூடக் கடையில் இல்லை. வேலை நேரம்.

3

நாற்பது பேரையும் கதையில் வைத்துச் சமாளிக்க என்னால் முடியாது. ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்.

[ஊரே இந்திக்காரக்கா என்று கூப்பிடும் பெண். ஜார்க்கண்ட். வயது நாற்பதுக்குள். பெயர்: (           ) பிறகு கேட்டு நிரப்ப வேண்டும்.]

பகர அடைப்புக்குள் இருப்பது எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு. கதை முடிவதற்குள் சரிசெய்துவிடுவேன்.

இந்திக்காரக்கா திராட்சை ஷெட்டில் பழம் தரம் பிரித்துப் பெட்டி போடுகிறார். பிச்சைமணி வீட்டுக்குப் பின்னால் நான்கு அறைகள் வாடகைக்கு உண்டு. அதில் மூன்றாவது அறையில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறார். அந்த நான்கு அறைகளுக்கும் தண்ணீர்க் குழாய் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் தெருவுக்கு வரவேண்டும். வந்தால் அங்கே முதலில் ஊர்க்காரர்கள் பிடிக்க வேண்டும்.

குழாய் கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் ஒரே கேள்விதான். "ஓட்டு எங்கன இருக்கு?" ஜார்க்கண்டில் என்று சொன்னால், அப்படியானால் அங்கே போய்க் குழாய் கேளுங்கள் என்று அர்த்தம். அதனால் ஓட்டை இங்கே மாற்றித்தரச் சொல்லி எழுதிக்கொடுத்தார். அந்த ஊரில் 'இடம்பெயர்ந்தவர்' என்று பெயரை அடித்துவிட்டார்கள். இங்கே பெயர் ஏறிய கையோடு முத்துப்பாண்டி, 'இவ்விடம் குடியிருப்பவர் அல்லர்' என்று ஆட்சேபணை கொடுத்துவிட்டார். இங்கேயும் அடித்துவிட்டால் அவருக்கு இந்த நாட்டில் எந்த ஊரிலும் ஓட்டு கிடையாது. குழாயும் கிடையாது.

இதுதான் கதை. இதற்குமேல் நான் என்ன சேர்த்தாலும் அலங்காரம்தான்.

4

ஆனால் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சிம்ரன் இருக்கிறாள்.

இந்தப் பெயரை நான் வைக்கவில்லை, வைத்தவர் பிச்சைமணி. அவர் கல்யாணமான புதிதில் திரையில் கொடிகட்டிப் பறந்த ஒரு நடிகையின் மேல் கொண்ட பிரியம். எங்கள் பள்ளத்தாக்கில் அந்த வயதுப் பெண்களில் தெருவுக்கு ஒரு சிம்ரன் உண்டு. தங்கைமார் அனுஷ்கா. பெயரில் பம்பாய், பேச்சில் சுத்தமான சுருளிப்பட்டி. இந்தச் சிம்ரன் பி.காம். முடித்துவிட்டு அதே ஷெட்டில் பில் போடுகிறாள். வீட்டிலும் தெருவிலும் அவளுக்குப் 'பாப்பா' என்றுதான் பெயர்.

முத்துப்பாண்டி அவளுக்கு மாமா முறை. தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து பாப்பாவைத் தெரியும். சிம்ரனைத் தெரியாது. மேலிடத்திலிருந்து டைப் அடித்து வந்த ஆட்சேபணைக் காகிதங்களில், 'வடக்கத்திப் பெயர்' என்று யாரோ குறித்ததையெல்லாம் நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் ஒன்று சிம்ரன் மீது. தகப்பன் பெயரைப் படிக்கவில்லை. படித்திருந்தால் எனக்குக் கதை இல்லை.

(கைவிட்ட ஒரு பத்தியைப் பற்றி: முதல் பிரதியில் முத்துப்பாண்டியின் அக்கா சோணையம்மாளை கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடிவைத்திருந்தேன். அங்கே ஒரு மலையாளக் கட்சிக்காரர், தமிழர்களைச் சொல்லி, 'பாண்டிக்காரர்கள் வந்து ஓட்டை நிரப்புகிறார்கள்' என்று அக்காவின் பெயரை அடிக்கச் சொல்வார். தம்பி இங்கே செய்வதை அக்காவுக்கு அங்கே செய்கிறார்கள். எழுதிவிட்டு என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். மறுநாள் படித்தால் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்போல் இருந்தது. வெட்டிவிட்டேன். ஆனால் மலைமேல் அந்தப் பேச்சு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜீப்பில் தினமும் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.)

5

விசாரணை தாலுகா ஆபீசில். நான் ஒரு பாலிசிதாரரின் வாரிசுச் சான்றுக்காக அங்கே போயிருந்தேன். விசாரணை அறையின் ஜன்னல் திறந்திருந்தது, நான் எட்டிப் பார்த்தேன். எழுத்தாளனின் சமூகப் பார்வை என்பது பெரும்பாலும் இப்படித்தான் வாய்க்கிறது.

பெஞ்சில் வடக்கத்தி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இந்திக்காரக்கா. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சேர்த்துவிட்ட ஆண்டனி ராஜைக் காணவில்லை. கட்சித் தலைவர் தேனி வருகிறார் என்று கொடி கட்டப் போய்விட்டாராம்.

"சிம்ரன்" என்று அலுவலர் கூப்பிட்டார். சிம்ரன் உள்ளே போனாள். அவர் வடக்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தவர் போலிருக்கிறது. முகத்தில் பெருமையோடு, "ஆயியே, பைட்டியே" என்றார்.

"எதுக்கு சார் இந்தியில பேசுறீக?" என்றாள் சிம்ரன்.

அலுவலர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்கதான் சிம்ரனா? யாருக்காவது இவங்களைத் தெரியுமா?"

முத்துப்பாண்டி அப்போது வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "தெரியும் சார். சிம்ரன். அப்பா பிச்சைமணி. அம்மா முத்துமாரியம்மாள். சுருளிப்பட்டி." இந்திக்காரக்காதான். தமிழ் கொஞ்சம் மெதுவாக வந்தது. ஆனால் ஒரு பெயரும் தப்பவில்லை.

முத்துப்பாண்டி ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடியாத்தி! நம்ம பாப்பா! சார், இது எம் மச்சான் மக சார். எழுதுனவன் எவனோ வெளங்காதவன். வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"மாமா, நான் வடக்கத்தியாளா மாமா?" என்று சிம்ரன் கேட்டாள். அறையே சிரித்தது. பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று எல்லோருக்கும் புரிந்திருக்காது. முத்துப்பாண்டி எல்லோருக்கும் டீ சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டார். அலுவலர் வாபஸ் எழுதி வாங்கிக்கொண்டு, "நீங்க போகலாம்மா" என்றார்.

இங்கேயே கதையை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேடிக்கையாக இருக்கிறது, யாரையும் புண்படுத்தவில்லை, சிறப்பிதழில் விளம்பரத்துக்குப் பக்கத்தில் போடலாம். ஆனால் சிம்ரன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். பாத்திரங்கள் செய்கிற தொந்தரவுகளில் இதுவும் ஒன்று.

6

அதற்குள் இந்திக்காரக்காவின் முறை வந்திருந்தது, இந்தத் தடவை பெயரில்லாமல் பட்டியல் எண்ணை மட்டும் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். "இவங்க இங்கன குடியிருக்கல சார். சீசனுக்கு வந்துட்டுப் போற ஆளு" என்று முத்துப்பாண்டி சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. வேலையைப் பார்க்கிறவரின் முகம்.

"நிரந்தரமா இருக்காங்கன்னு சொல்ல உள்ளூர்க்காரங்க யாராவது உண்டா?"

"நான் சொல்றேன் சார்" என்றாள் சிம்ரன்.

"பாப்பா, ஒனக்கு எதுக்கு இந்த வேல? ஒஞ் சோலிதான் முடிஞ்சிருச்சுல்ல, வா போவோம்."

"இருங்க மாமா. சார், ஆறு வருசமா எங்க வீட்டுக்குப் பின்னாடி ரூம்லதான் இருக்காக. எங்க ஷெட்லதான் வேல பாக்குறாக. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்கம்மாவுக்குச் சோறு கொண்டாந்ததே அவுகதான்."

அலுவலர் நல்லவர். பெயர் எழுதியிருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "சாட்சியா எழுதிக்கிறேன். இவங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

சிம்ரன் வாயைத் திறந்தாள்.

7

அவளுக்குத் தெரியவில்லை.

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சிம்ரன் ஏதோ ஒரு வடக்கத்திப் பெயரைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறாள். அது சரியாக... வேண்டாம். படிக்காமலே கையெழுத்துப் போட்ட மாமாவின் பக்கம் அவளைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முடிவு: முத்துப்பாண்டியின் மனம் கரைந்து இரண்டாவது ஆட்சேபணையையும் வாபஸ் வாங்குகிறார். பின்னணியில் மழை. நான் அவருக்குப் பாலிசி போட்டுக்கொடுத்தவன், எனக்கு அவரைத் தெரியும்.

மூன்றாம் முடிவு நடந்தது. "பாத்தீகளா சார், பேரே தெரியல" என்றார் முத்துப்பாண்டி. இந்திக்காரக்கா தன் பெயரைத் தானே சொல்ல எழுந்தார். அலுவலர் கையமர்த்தி, "நீங்க சொல்லக்கூடாதும்மா, சாட்சிதான் சொல்லணும்" என்றார். சிம்ரன் இந்திக்காரக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. உத்தரவு பிறகு வரும் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலிலிருந்து நகர்ந்துவிட்டேன்.

இறுதிப் பட்டியல் இன்னும் வரவில்லை. அதனால் அவர் பெயர் நின்றதா போனதா என்று நான் சொல்ல முடியாது. இது உத்தி இல்லை, நிலவரம்.

8

நேற்றுக் கதையை ஏறக்குறைய முடித்துவிட்டுத் திருப்பிப் படித்தேன். மூன்றாம் பகுதியில் அந்த அடைப்புக்குறி அப்படியே காலியாக இருந்தது. கதை முழுக்க 'அவர்', 'அவர்' என்று மரியாதையாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். பெயரைக் கேட்க எனக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. நீங்களும் கேட்கவில்லை என்பதைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லிவைக்கிறேன்.

சிம்ரனுக்குப் போன் போட்டேன்.

"ஏத்தா, இந்திக்காரக்கா பேரு இப்பவாவது தெரியுமா?"

"தெரியும்ணே. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புலயே கேட்டுட்டேன். கேக்குறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு."

"அவுக என்ன சொன்னாக?"

"சிரிச்சாக. அப்புறம் சொன்னாக."

"சரி, சொல்லு. எழுதிக்கிறேன்."

ஷெட்டில் பெட்டிக்கு ஆணி அடிப்பது போனில் கேட்டது.

"நான் சொல்ல மாட்டேன்ணே."

"ஏன்?"

"கதை எழுதுறது நீங்க. நீங்களே போய்க் கேளுங்க. ரூம் அங்கனதான் இருக்கு" என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெயருக்கு இவ்வளவா? நினைத்தால் நானே ஒன்றை வைத்துவிடலாம், எழுத்தாளனுக்கு ஒரு நொடி வேலை. அலுவலர் கவிழ்த்து வைத்த காகிதத்தில் இல்லாத பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்? பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன்.

நாளைக் காலைக்குள் கதையை அனுப்ப வேண்டும். சுருளிப்பட்டி என் வீட்டிலிருந்து பைக்கில் போனால் பக்கம்தான். வழி உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விலக்கில் டீக்கடை. எந்தப் பெஞ்சிலும் உட்கார வேண்டாம், நேராக நடங்கள். பிச்சைமணி வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். பின்னால் சுற்றிப் போனால் நான்கு அறைகள், வாசலில் வரிசையாகக் குடங்கள் இருக்கும். மூன்றாவது அறை. இந்தியில் பேசிப் பார்க்க வேண்டாம், அவருக்குத் தமிழ் தெரியும்.

நான் போய்க் கேட்டிருந்தால், இதழ் அச்சாவதற்குள் அந்த அடைப்புக்குறி நிரம்பியிருக்கும். மூன்றாம் பகுதியைத் திருப்பிப் பாருங்கள்.