பேரம் பேசாத நாள்

என் மூளைக்கு நாற்பது ரூபாய் விலை வைத்தவர் மேற்குத் தாம்பரம் டாக்டர் கஸ்தூரிரங்கன்.

பதினெட்டு வருடமாக அவரிடம்தான் பிரஷர் பார்க்கிறேன். எவ்வளவு கேட்டாலும் பத்து ரூபாய் குறைத்தே நீட்டுவேன். பாத்திரக் கடை வைத்திருக்கும் நான் கேட்ட விலையை அப்படியே கொடுத்தால் மார்க்கெட்டில் தலை காட்ட முடியுமா? அன்று நாற்பது கேட்டார். நாற்பதையும் வைத்துவிட்டு எழுந்தேன்.

"கஃபார் பாய், உட்காருங்க. ஏன் இன்னிக்கு பேரம் பேசல?"

"உங்க மேல ஒரு இரக்கம்தான் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. என் மனைவி ஜஹானாராவிடம் திரும்பினார். "வீட்ல எப்படிம்மா?"

"நாலு மாசமா ஒரே கேள்வியை மூணு வாட்டி கேக்குறார். திருநீர்மலை கல்யாணத்துக்கு ஒரு அண்டா கேட்டா, அனுப்பினதை மறந்து இன்னொண்ணும் அனுப்பிட்டார்."

"வியாபாரம்னா அப்படித்தான்," என்றேன். "சீக்கிரம் விடுங்க டாக்டர், நாளைக்கு கூடுவாஞ்சேரியில மனை விலை பேசணும்."

இருபது வருடச் சேமிப்பு அந்த மனைக்கு. விலை பேசும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்கு ஆகாது.

டாக்டர் மூன்று வார்த்தைகள் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்: சாவி, வாழைப்பழம், இன்னொன்று. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். குறைப்பதுதானே என் தொழில்? மடமடவென்று இறங்கினேன்.

"இப்ப அந்த மூணையும் சொல்லுங்க."

"சாவி. வாழைப்பழம்." மேஜை, சுவர், காலண்டர் எல்லாவற்றையும் துழாவினேன். "ரெண்டோட முடிச்சுக்கலாமே டாக்டர்."

"இப்பதான் பேரம் வருது," என்றார். "வயசுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி மறதி, பாய். கூடலாம், இப்படியே நிக்கலாம், சரியாவும் ஆகலாம். தைராய்டு, பி-12 டெஸ்ட் எடுத்துடுங்க. ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பாப்போம். கடைக்குப் போங்க. நாளைக்கு மட்டும் தனியாப் போகாதீங்க."

இரவெல்லாம் புரண்டேன். காலையில் ஜஹானாரா எனக்கு முன்பே செருப்பு மாட்டி நின்றாள்.

புரோக்கர் லோகநாதன் ஆறு லட்சத்தில் ஆரம்பித்தார். டீ வந்தது, ஊர்க்கதை வந்தது. டீ கிளாசை வைத்துவிட்டு, "சரி, கடைசியா அஞ்சே முக்கால்," என்றேன்.

ஜஹானாரா என் முழங்கையைத் தொட்டாள். "அவர்தான் டீக்கு முன்னாடியே அஞ்சரைன்னு இறங்கிட்டாரேங்க."

லோகநாதன் டீ கிளாசுக்குள் பார்த்தார். அஞ்சரைக்கு முடிந்தது.

திரும்பும் ரயிலில் கேட்டேன்: "டாக்டர் சொன்ன அந்த மூணாவது வார்த்தை என்ன ஜஹானா?"

"நீங்களே சொல்லுங்க."

தாம்பரம் வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை. டாக்டரிடம் வாங்கியது மூன்று, கொடுத்தது இரண்டு, பாக்கி ஒன்று, ஆறு மாதத் தவணை.