முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

"எங்க வீட்டைக் காணோம் புள்ள" என்றாள் மாஷிதா.

காலை ஒன்பதே முக்கால். ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை அலுவலகத்தில், வீரலட்சுமி அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கை ஜன்னலோரம் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்திருந்தாள். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த பஸ் தேவிபட்டினத்தில் அரைமணி நேரம் நின்றதில் முதுகெல்லாம் வியர்வை. கீழக்கரைத் தண்ணீர்ச் சங்கத்தில் போன் எடுக்கும் மாஷிதா இந்நேரத்துக்கு அழைப்பவள் அல்ல.

"எந்த வீடுக்கா?"

"நான் குடியிருக்கிற வீடு. எங்க உம்மா வீடு. நேத்து வரைக்கும் லிஸ்ட்ல இருந்துச்சு, இன்னிக்கு லாரிக்காரரு போன்ல பாத்தா இல்ல. எங்க மைனி வீடு மட்டும் சொகுசா உக்காந்திருக்கு. அவளுக்குத் தண்ணி, எனக்கு இல்ல. இனி வருசம் பூரா இதைச் சொல்லியே என்னைக் கொன்னுருவா."

கீழக்கரையில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சங்கத்து லாரிகள் வாரம் ஒருமுறை தெருத் தெருவாகப் போய்க் குடிதண்ணீர் ஊற்றும். எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதை ஓட்டுநரின் போன் சொல்லும். லாரி தெருமுனைக்கு வந்ததும் அந்த வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும். அந்தச் செயலியை எழுதியவள் வீரலட்சுமி. இரண்டாயிரத்து நூற்று நாற்பது வீடுகள் அவளுடைய தரவுத்தளத்தில் வரிசையாக நின்றன. நேற்று மாலை வரை நின்றன. இன்றைய செவ்வாய்க்கிழமை வண்டி மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு அடுத்த செவ்வாய்தான்.

நேற்று என்ன நடந்தது என்பதை அவள் மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். கீழக்கரைக்காரரான அலுவலக முதலாளி சலாஹுதீன் போன மாதம் ஒரு புதிய இணைப்புக் கருவியை அவளுடைய நிரல் எழுதும் ஜன்னலுக்குள்ளேயே போட்டுக் கொடுத்திருந்தார். முன்பெல்லாம் நிரல் ஓரிடம், தரவு வேறிடம். கடவுச்சொல் போட்டு, காத்திருந்து, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இப்போது வலப்பக்கம் ஒரு பட்டையைத் திறந்தால் மொத்த ஊரும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். கட்டத்துக்குள்ளேயே திருத்தலாம். நான்கு வரிக் கட்டளையைத் தேர்ந்து இரண்டு விசைகளை அழுத்தினால் வேலை முடிந்தது. "அடுப்புப் பக்கத்துலயே அஞ்சறைப் பெட்டி இருக்க மாதிரிம்மா" என்றார் சலாஹுதீன். அவர் வீட்டில் எந்த அடுப்புப் பக்கமும் போனவராக அவளுக்குத் தெரியவில்லை.

லாரிக்காரர்கள் ஒரே பேர் இரண்டு தடவை வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டதால், இரட்டைப் பதிவுகளைத் தூக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் எதையும் முறையாகச் செய்கிறவள். ஒரே பெயர், ஒரே போன் எண் உள்ளவற்றை முதலில் எடுத்துப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இரண்டிரண்டு பதிவு. புதிய பதிவை வைத்துக்கொண்டு பழையதை நீக்கும்படி கட்டளை எழுதினாள். நேரடித் தரவில் கை வைக்கும் முன்பு சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் உண்மையானதில் ஓட்டினாள். '312 வரிகள் நீக்கப்படும். சரியா?' என்று கருவி மரியாதையாகக் கேட்டது. சரி என்றாள்.

"அக்கா, உங்க வீடு யார் பேருல இருக்கு?"

"எங்க காக்கா பேருலதான். கூடப்பொறந்த அண்ணன், முஸ்அப். எங்க வீட்டுக்காரவுக கத்தார்ல இருக்காக, உம்மாட்ட போன் கிடையாது. அதான் காக்கா நம்பரைக் குடுத்தோம்."

"மைனி வீடு?"

"அதுவும் காக்கா பேருலதான். காக்கா அங்கனதானே இருக்காக. கல்யாணம் ஆன ஆம்பள பொண்டாட்டி வீட்டுல இல்லாம வேற எங்கன இருப்பாக?"

வீரலட்சுமிக்குக் காதுமடல் சூடேறியது. அவள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண்தான் போவாள். அவளுடைய அக்கா வேனில் பீரோவோடு திருவாடானைக்குப் போனதை அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். ஓர் ஆணுக்கு ஒரு வீடு. அது அவன் அய்யாவின் வீடு. ஒரே ஆளுக்கு இரண்டு வாசல் என்றால் அது யாரோ தவறிப் பதிந்தது. இதை அவள் யோசிக்கக்கூட இல்லை. யோசிக்க வேண்டிய விஷயமாகவே அது தெரியவில்லை. பதினேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் ஊரில் மகளுக்கு வீடு, மருமகன் வந்து சேருவான், மகன் வேறு வீட்டுக்குப் போனாலும் உம்மா வீட்டுத் தண்ணீருக்கு அவன் எண்தான் என்பது எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவள் நீக்கியவை அத்தனையும் பழைய பதிவுகள். அத்தனையும் உம்மா வீடுகள்.

போனை வைத்துவிட்டு அவள் பேக்கப்பைத் திறந்து பார்த்த கையோடு சலாஹுதீன் அழைத்தார். மதுரைக்குப் போகும் காரில் இருந்தார்.

"லட்சுமி, எங்க உம்மா பேசுனாங்க. நம்ம வீடு லிஸ்ட்ல இல்லையாமே?"

"சார், உங்களுக்கே ரெண்டு வீடு. நேத்து இரட்டைப் பதிவைத் தூக்கச் சொன்னப்ப ஏன் சார் சொல்லல?"

"இதைப் போய்ச் சொல்லணும்னு எப்படிம்மா தோணும்? எல்லாருக்கும் அப்படித்தானே?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "சார், தினம் ராத்திரி பேக்கப் எடுக்குதுல்ல, முந்தாநாள் எடுத்ததைத் திறந்தேன். டேபிள் இருக்கு, கட்டம் இருக்கு, உள்ள ஒரு வரி இல்ல. அமைப்பு மட்டும் போதும்னு யாரோ டிக் போட்டிருக்காங்க."

"எடம் அடைக்குதேன்னு நான்தான் போட்டேன்" என்றார். "சோதனைப் பிரதி இருக்கும்ல?"

"அதுல முதல்ல ஓட்டிப் பாத்துட்டுத்தான் சார் இதுல ஓட்டுனேன்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அரைகுறையாக வேலை பார்க்கிறவளாக இருந்திருந்தால் சோதனைப் பிரதி பத்திரமாக இருந்திருக்கும். முறையாகச் செய்ததால் இரண்டு இடத்திலும் துடைத்தாகிவிட்டது.

அப்போதுதான் நிரல் ஜன்னலின் அடியில் ஒரு டேப் இன்னும் திறந்திருப்பதைக் கண்டாள். நேற்று நீக்குவதற்கு முன் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்த முடிவு, போன் எண் வரிசையில் அப்படியே நின்றது. ஆனால் இந்தக் கருவி ஒரு தடவைக்கு இருநூறு வரிதான் காட்டும். மிச்சத்துக்கு 'அடுத்த பக்கம்' அழுத்த வேண்டும்.

"ரிஃப்ரெஷ் பண்ணிப் பாரு, வந்துரும்" என்றார் சலாஹுதீன்.

அவள் சுட்டியிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். ரிஃப்ரெஷ் ஆனாலும் அடுத்த பக்கம் ஆனாலும், கருவி தரவுத்தளத்திடம் போய்ப் புதிதாகக் கேட்கும். அங்கே இப்போது அந்தப் பதிவு எதுவும் இல்லை. இருக்கிற இருநூறும் போய்விடும்.

"சார், நீங்க மதுரைக்கே போங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி நின்றது. மேசைக்கடியில் இருந்த யு.பி.எஸ். பெட்டி கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. அதற்குப் பத்து நிமிட ஆயுள். வீரலட்சுமி இருநூறு வரியையும் தேர்ந்து வேறு கோப்பில் ஒட்டிச் சேமித்தாள். அப்புறம் பென்டிரைவில். அப்புறமும் நம்பிக்கையில்லாமல் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பினாள். மாதாந்திரப் பராமரிப்பு, பதினோரு மணிக்குத்தான் வரும் என்று கீழே மருந்துக்கடைக்காரர் யாரிடமோ சொல்வது படிக்கட்டு வழியாகக் கேட்டது.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் வந்தது. இருநூறும் பட்டியலுக்குத் திரும்பின. மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு. வரிசை போன் எண்படி இருந்ததால், காணாமல் போனவை எல்லாம் இருநூறாவது வரியின் போன் எண்ணுக்குப் பிறகு வருபவை. அந்த எண்ணைத் தாண்டிய ஆண்களின் பெயர்களை மட்டும் எடுத்தாள். நானூற்று முப்பது. இவர்களில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இன்னொரு வீடு இருந்தது. மாஷிதாவை அழைத்தாள்.

"அக்கா, நான் ஒவ்வொரு பேரா வாசிக்கிறேன். லிஸ்ட்ல உள்ள வீடு யார் வீடு, வேற வீடு உண்டானு சொல்லுங்க."

"நானூறு பேருக்கா? என்னை என்ன ஊருக்கே கல்யாணத் தரகருன்னு நெனச்சியா?"

"ரெண்டு மணிக்கு வண்டி கெளம்பிரும்க்கா."

"வாசி, வாசி."

"ஜாபர் சாதிக். போன் நம்பர் தொண்ணூத்தெட்டுல ஆரம்பிக்குது. நடுத்தெரு."

"அது பொண்டாட்டி வீடு. உம்மா வீடு கிணத்தடிச் சந்து, மூணாவது கதவு, பச்சைக் கதவு. அவன் உம்மாவுக்குச் சக்கரை. போன நோம்புல..."

"அக்கா, கதவு போதும். அடுத்து, இஃப்திகார்."

"எந்த இஃப்திகார்? பல்லு எடுப்பா இருக்குமே, அவனா?"

"பல்லு லிஸ்ட்ல இல்லக்கா."

"அதெல்லாம் போட மாட்டியளே. அவனாத்தான் இருக்கும். கல்யாணம் ஆகல, தள்ளு."

வீரலட்சுமி கட்டத்தில் பச்சைக் கதவைப் பதிந்தாள். உடனே ஒரு மஞ்சள் பட்டை மேலே எழுந்தது. 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது. இது இரட்டைப் பதிவாக இருக்கலாம். நீக்கவா?' நேற்று மாலை, இனிமேல் இந்தத் தவறு வரக்கூடாது என்று அவளே கருவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன காவல். அதை எங்கே அணைப்பது என்று தேட நேரமில்லை. வேண்டாம் என்று அழுத்தினாள். அடுத்த வீட்டுக்கும் கேட்டது. அதற்கடுத்ததற்கும். அறுபதாவது தடவை "இல்லடா சனியனே, அது அவங்க அம்மா வீடு" என்று வாய்விட்டே கத்தினாள்.

"யாரைப் புள்ள வையிற?"

"கம்ப்யூட்டரக்கா."

"நல்லா வையி. என் வீட்டைத் தின்ன வயிறு அதுக்கு."

"நான்தான்க்கா நீக்குனேன். அது கேட்டுட்டுத்தான் செஞ்சுச்சு."

"உனக்கெப்படித் தெரியும், நீ அசலூரு" என்றாள் மாஷிதா. அது மன்னிப்பா குத்தலா என்று வீரலட்சுமிக்குப் புரியவில்லை. "வாசி."

சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படவே இல்லை. மாஷிதா சிலவற்றைத் தப்பாகச் சொன்னாள். ஒருவரின் உம்மா மவுத்தாகி அடக்கம் செய்தே இரண்டு வருடம் என்று திடீரென நினைவு வந்து, சொன்னதைத் திரும்ப வாங்கினாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிப் பெயர் முடிந்தது. வீரலட்சுமி எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பதினொன்று. மறுபடி எண்ணினாள். மொத்தம் முந்நூற்றுப் பதினொன்று.

"ஒண்ணு குறையுதுக்கா."

"ஒண்ணுதானே? முந்நூத்துச் சொச்சத்துல ஒண்ணு போனாப் போவுது."

"உங்க வீடா இருந்தா அப்படிச் சொல்வீங்களா?"

நாற்காலி தரையில் இழுபடும் சத்தம், பிறகு செருப்புச் சத்தம். "போனை வைக்காத" என்றாள் மாஷிதா. "நான் லாரி பின்னாடியே நடக்கேன். குடம் வச்சிருந்தும் வண்டி நிக்காமப் போற வாசல்தான் அது. இன்னிக்குத் தெருவுல இருந்தாத்தான். இல்லைன்னா நாளைக்கு வேற தெரு."

வீரலட்சுமி போனை ஸ்பீக்கரில் போட்டு விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். லாரியின் ஹாரன். குழாயிலிருந்து தண்ணீர் குடத்தில் விழும் ஓசை, முதலில் கணகணவென்று, நிறைய நிறைய மங்கி. "பால்சாமி அண்ணே, மெதுவா உருட்டுங்க" என்று மாஷிதா கத்துவது. யாரோ ஒரு பெண், "மாஷிதா, என்னடி நீயே தண்ணி வண்டிக்குப் பின்னாடி ஓடுற, உன் வீட்டுக்கு இல்லையாமே?" என்று கேட்டுச் சிரித்தாள். "வந்துருச்சு மைனி, வந்துருச்சு, வயிறு குளுந்துச்சா?" ஒரு வாசல், இன்னொரு வாசல். திரையில் முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி காலியாகத் திறந்திருந்தது. பெயர், எண், தெரு, கதவு.

லாரி ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்தது. இன்ஜின் சத்தம் தேய்ந்தது. மாஷிதாவின் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"புள்ள."

"சொல்லுங்கக்கா."

"இங்கன ரெண்டு குடம் வச்சிருக்கு. வெளக்கி, கவுத்தி வச்சிருக்கு." மூச்சு வாங்கினாள். "இது யாரு வீடுன்னு எனக்குத் தெரியலயே. இந்தத் தெருவுலயே பொறந்தவ நான்."

"கதவைத் தட்டுங்கக்கா."

வீரலட்சுமி விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டாள். மரக்கதவில் கை விழும் ஓசை மேசைமேல் கேட்டது. தெருக்கோடியில் லாரி ஹாரன் ஒருமுறை அடித்தது. "நிப்பாட்டுங்கண்ணே" என்று மாஷிதா குரல் கொடுத்துவிட்டு மறுபடி தட்டினாள். உள்ளே, வெகு உள்ளே, யாரோ மெதுவாகத் தாழ்ப்பாளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.