சூட்டுத் தரையும் இருநூறு கம்பளியும்

சைகோனில் கம்பளி விற்கக் கிளம்பியவரை ஊர் சும்மா விடுமா? அங்கே கடை வைத்திருந்த காரைக்கால்காரர் கிதிர் முகம்மதைப் பார்த்துப் பள்ளிவாசல் தெருவே சிரித்தது. மேல்துண்டே பாரமாகத் தெரிகிற வெக்கையில் இருநூறு கம்பளி! ஆனால் அவர் போட்ட திட்டம் வேறு. அது 1955. ஆட்சி போய், பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரான்சுக் குளிரில், மார்செய் துறைமுகத்தில் போய் இறங்குகிறவர்களுக்குக் கம்பளி வேண்டாமா? அவர்கள் கப்பலேறுவதற்குள் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் இருநூறையும் போர்த்திக்கொள்ள இந்த ஊரில் அவர் ஒருவர்தான் மிஞ்சுவார்.

மழை குறுக்கே வந்தது. கடைக்கு அடியில் இருந்த நிலவறை முன்பு ஒரு மது வியாபாரியுடையது. மூன்று தரம் கழுவியும் மனம் ஒப்பாமல் நான்காம் தரமும் கழுவிவிட்டுத்தான் கிதிர் முகம்மது அங்கே சரக்கை இறக்கியிருந்தார். ஆவணி மழையில் தரை வியர்த்தது. கம்பளியில் பூசணம் எட்டிப் பார்த்தது.

"தரைக்கு அடியில வெந்நீரை ஓடவிடுவோம் மரைக்காரே," என்றார் லூசியேன். அவரும் காரைக்கால்காரர்தான், கப்பல்களில் கொதிகலன் பார்த்துவிட்டு இப்போது குழாய் வேலை செய்கிறவர். "பிரான்சுல பெரிய வீடுகள்ல இப்படித்தான் செய்றாங்க. குளிருக்கு."

"இங்க குளிர் எங்கப்பா இருக்கு?"

"ஈரம் இருக்குல்ல?"

பழைய தரையை உடைத்து மணல் பரப்பினார்கள். உடைத்த கப்பலில் வாங்கிய குழாய்களைச் சாண் இடைவெளியில் வளைத்து வளைத்துப் போட்டார்கள். லூசியேன் இரண்டு நாள் தண்ணீரை அழுத்தி நிறுத்தி, எங்கும் கசியவில்லை என்று தடவிப் பார்த்த பிறகே மேலே சிமெண்டு பூசவிட்டார். கொல்லைப்புறத்தில் உமி எரிக்கும் கொதிகலன், பக்கத்தில் ஒரு பம்பு. "ஊரே அடுப்பு மேலே உட்கார்ந்திருக்கு, இவரு தரைக்குக் கீழேயும் அடுப்பு மூட்டுறாரு" என்று தெருவில் சிரிப்பு இன்னும் பெருத்தது.

சிரிக்கட்டும். நாலே நாளில் தரை இளஞ்சூடாகிப் பூசணம் பின்வாங்கியது. நிம்மதியாக மூச்சுவிட்ட கிதிர் முகம்மது, கடற்கரையில் ஓய்வெடுக்கும் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கம்பளிக்குச் சொல்லிவைக்க வுங் டாவ் ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கினார். அங்கே அதிர்ஷ்டம் அடித்தது. குடும்பங்களைக் கப்பலேற்றும் அலுவலகத்து மதாம் ஒடெட், சரக்கைப் பார்க்க அவருடனேயே வரச் சம்மதித்தார். அந்த அம்மாள் தலையசைத்தால் இருநூறும் ஒரே மூச்சில் போய்விடும்.

நிலவறைப் படியில் கால் வைத்ததும் மூக்கைத் துளைத்தது வாடை.

தரை முழுக்கக் கருவாடு. நெத்திலி, வாளை, சுறா. அடுத்த வீட்டு வியட்நாமியப் பெண்களின் கணவாய்கூட ஒரு மூலையில் காய்ந்தது. நடுவில் அவர் மனைவி நஜ்முன்னிசா குந்தியிருந்து மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள இது!"

"பத்து நாளா வெயிலே இல்லங்க. தரை பாட்டுக்குச் சுட்டுக்கிட்டுக் கெடக்கு. காரைக்கால்ல பொறந்தவ பார்த்துட்டு எப்படிச் சும்மா இருப்பா?" என்றவள், மதாமைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மீனை அள்ளத் தொடங்கினாள்.

கிதிர் முகம்மதுக்கு உயிரே போய்விட்டது. மதாமோ செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் நின்றார். ஒரு கம்பளியை எடுத்து முகர்ந்தார். விட்டுவிட்டு மறுபடி முகர்ந்தார்.

"மதாம், ரெண்டு வெயில்ல போட்டா..." என்று இவர் தம் கடைப் பிரெஞ்சில் தடுமாறினார்.

"முசே, நான் பிறந்தது இந்த ஊரில். பிரான்சைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது." அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. "இந்த வாடை மார்செய் வரைக்கும் தாங்குமா?"

கிதிர் முகம்மதும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்தான். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "துவைச்சாலும் விடாது மதாம். பேரப்புள்ளைங்க காலத்துக்கும் தாங்கும்."

"என்னைப்போல் இங்கே பிறந்தவர்கள் எண்பது பேர் போகிறோம். எங்களுக்கு வாடையோடு கொடுங்கள். மற்றவர்களுக்கு வாடை இல்லாதது நூற்றிருபது."

வாடை பிடித்தது எத்தனை என்று கிதிர் முகம்மது அவசரமாக முகர்ந்துகொண்டே போனார். முப்பதுகூடத் தேறவில்லை. நஜ்முன்னிசா அதற்குள் பாதி மீனைக் கூடையில் அள்ளியிருந்தாள்.

"எடுக்காதே புள்ள! அப்படியே திரும்பப் பரப்பு!" என்று கத்தியவர், கொல்லைப் பக்கம் திரும்பினார். "லூசியேன், இன்னும் ரெண்டு கூடை உமி போடுப்பா!"